எச்சரிக்கை வந்ததா, வந்து சேர்ந்ததா?

கேள்வி: 2024 நவம்பர் 11, காலை 9.40

போன டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோது 'எச்சரிக்கை சரியாக வரவில்லை' என்று ஆளாளுக்குக் குறை சொன்னார்கள். என் கருத்து வேறு. எச்சரிக்கை வந்தது, மக்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

நவம்பர் 11, இரவு 10.15

நான் அங்கே இருந்தேன். மறுக்கிறேன்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். வாழை விவசாயம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை ஓயவில்லை. நாங்கள் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மாடுகளை மேட்டுக்கு ஓட்டினோம். உர மூட்டைகளைக் கட்டிலின்மேல் அடுக்கினோம். இரவு உணவு முடிந்ததும் ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கரைக்குக் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு முற்றத்தில் தண்ணீர். அது ஆற்றுப் பக்கத்திலிருந்து வரவில்லை, எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. மேற்கே குளம் உடைந்துவிட்டது. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குக் குளத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கச் சொல்லவும் ஆள் இல்லை. மின்சாரம் பத்து மணிக்கே போயிருந்தது, கைபேசியில் கோபுரம் காட்டவில்லை. எண்பது வயது அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடிவீட்டுக்கு ஏறினேன். இரண்டு பகல், ஒன்றரை இரவு அங்கேதான்.

மழை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கைபேசிக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. இதைக் காதில் போட்டுக்கொள்ளாதது என்கிறீர்களா?

நவம்பர் 12, காலை 7.05

மேலே எழுதியதில் ஒரு தவறு. என் மகள் அந்தப் பழைய கைபேசியைத் தேடி எடுத்து மின்னேற்றிப் பார்த்தாள். ஞாயிறு பகல் ஒன்று பத்துக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. திறந்து பார்த்ததற்கான அடையாளமும் இருக்கிறது. பார்த்திருக்கிறேன், மனத்தில் நிற்கவில்லை. 'எந்தச் செய்தியும் வரவில்லை' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கேள்வி கேட்டவர் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றி இரவு எழுதுகிறேன். மோட்டாருக்கு ஆள் வந்திருக்கிறார்.

நவம்பர் 12, இரவு 11.30

அந்தச் செய்தியை இன்று பகல் முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன். மாவட்டத்தின் பெயர் இருந்தது. 'ஓரிரு இடங்களில்' என்று இருந்தது. மழையின் வகை இருந்தது. பாதுகாப்பாக இருக்கும்படி ஒரு வரி. அவ்வளவுதான்.

முதலில் இந்த 'ஓரிரு இடங்களில்'. வானிலைத் துறையின் கணக்கில் அதற்குத் துல்லியமான பொருள் உண்டு: ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குவரை மழை பதிவாகலாம். 'சில இடங்களில்' என்றால் பாதிவரை. 'பல இடங்களில்' என்றால் முக்கால்வரை. அதற்கு மேலே 'பெரும்பாலான இடங்களில்'. ஆனால் கேட்கிறவர் காதில் 'ஓரிரு இடம்' எப்படி விழுகிறது? எங்கேயோ ஓரிடம், நம் ஊர் இல்லை. எங்கள் தெருவில் நூறு பேரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அன்று அப்படித்தான் படித்திருக்கிறேன்.

அடுத்தது மழையின் வகை. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தாண்டினால் கனமழை. 11.56 செ.மீ. முதல் மிகக் கனமழை. 20.45 செ.மீ. தொட்டால் அதி கனமழை. அதற்கு மேலே வகையே கிடையாது. 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. இருபத்தொரு சென்டிமீட்டருக்கும் தொண்ணூற்றைந்துக்கும் ஒரே பெயர். முன்னதில் முற்றம் நனையும், பின்னதில் குளங்கள் வரிசையாக உடையும். 95 செ.மீ. பெய்யும் என்று முன்கூட்டிச் சொல்லும் வல்லமை இன்று யாருக்கும் இல்லை. அதற்காக நான் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் மாலைக்குள் முப்பது, நாற்பது என்று மானி ஏறிக்கொண்டிருந்ததே, அந்த எண் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் போதும். பெய்துவிட்ட மழையைச் சொல்லக் கணிப்பு எதற்கு?

நவம்பர் 13, மாலை 6.20

'சிவப்பு எச்சரிக்கை என்றால் எல்லோருக்கும் தெரியுமே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியாது. 2018 அக்டோபர் 7ஆம் தேதிக்குத் தமிழ்நாட்டுக்குச் சிவப்பு அறிவித்தார்கள், நினைவிருக்கிறதா? பால் பாக்கெட் வாங்க அடிதடி நடந்தது. அஞ்சியபடி மழை வரவில்லை. வண்ணங்கள் நிர்வாகத்தை மனத்தில் வைத்து வகுத்தவை. மஞ்சள்: கவனித்துவா. ஆரஞ்சு: தயாராக இரு. சிவப்பு: செயலில் இறங்கு. யார், எந்தச் செயலில் இறங்க வேண்டும் என்பது அந்த வண்ணத்தில் இல்லை. மாவட்ட ஆட்சியருக்குத் தெரியும். என் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 14, இரவு 9.50

எங்கள் ஆற்றில் ஒரு பழைய முறை இருக்கிறது. அதைச் சொன்னால் நான் எதைக் கேட்கிறேன் என்பது புரியும்.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் எழும். அதற்கென்றே கட்டப்பட்ட கட்டுமானம். நீர் ஏறத் தொடங்கினால் உற்சவர் திருமேனியைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். எங்கள் அப்பா காலத்தில் கீழே இருக்கிற ஊர்களில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முருகனை மேலே கொண்டுபோய்விட்டார்களா?" ஆம் என்றால் பம்பு செட்டைக் கழற்றிக் கரையேற்றுவார்கள். மண்டபம் மூழ்கிவிட்டது என்றால் மாட்டை அவிழ்ப்பார்கள். கோபுரம் மட்டும் தெரிகிறது என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்கு நடப்பார்கள்.

இதில் கன அடியும் இல்லை, சென்டிமீட்டரும் இல்லை. எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிற ஓர் இடம், அதில் ஓர் அளவு, அந்த அளவுக்கு ஒரு வேலை, அந்த வேலையை முடிக்க சில மணி நேரம். அடையாளமும் வேலையும் அவகாசமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. நான் கேட்பது இதைத்தான்.

2023இல் இந்த முறையும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. தொலைபேசித் தொடர்பு அறுந்துவிட்டதால் மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அதோடு தண்ணீர் மேலிருந்து மட்டும் வரவில்லை. எங்கள் தலைக்கு மேலேயே பெய்து எங்கள் குளத்தை உடைத்தது. முருகன் ஆற்றுக்கு அளவுகோல். குளத்துக்கு அளவுகோல் மடை பார்க்கிறவர். எங்கள் குளத்தின் மடையைக் கடைசியாகப் பார்த்துக்கொண்டவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 16, காலை 8.00

இன்று கஜா புயல் கரை கடந்த நாள். 2018 நவம்பர் 16, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில், விடிவதற்கு முன்னால். எண்பதாயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அது பெரிய வேலை. குறை சொல்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும்.

என் சித்தி மகன் பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருந்தான். 'உயிர் பிழைத்தது அறிவிப்பால்தான் அண்ணா' என்றான். வீட்டைவிட்டு எது கிளப்பியது என்று கேட்டேன். தொலைக்காட்சி இரண்டு நாள் சொல்லியும் அவன் நகரவில்லையாம். கிராம உதவியாளர் வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "பிள்ளைகளை மட்டுமாவது அனுப்பு" என்றபோதுதான் கிளம்பியிருக்கிறான்.

ஊருக்கு ஊர் தண்டோரா போட்ட காலம் போய்விட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. அந்தப் பறையொலி கேட்டால் தூங்குகிறவனும் எழுவான். அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

நவம்பர் 16, இரவு 8.45

காலையில் எழுதியதன் கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். விருதுநகரிலிருந்து ஒருவர் நீளமாக மறுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி. தண்டோரா போடும் வேலை யார் தலையில் சுமத்தப்பட்டது, அவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதை மறந்துவிட்டு எழுதினேன். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியதற்குக் காரணமே அதுதான். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்று அன்றே மாற்று வழியும் சொன்னார்கள்.

எனக்கு வேண்டியது தெரிந்த குரல். அது யாரையும் தாழ்த்தி வரக்கூடாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோயில் ஒலிபெருக்கி, மாதா கோயில் மணி எல்லாம் எங்கள் பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கிறது. மின்கலத்தில் இயங்கும்படி செய்துவைக்க வேண்டும், அவ்வளவே.

நவம்பர் 19, இரவு 10.30

ஒக்கி புயல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னோடு கல்லூரியில் படித்தவர் ஒருவர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்காரர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வரிசை ஊர்கள். அவருடைய உறவில் மட்டும் மூன்று பேர் திரும்பவில்லை.

அவர்கள் ஆழ்கடல் மீனவர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். இலட்சத்தீவுக்கு அப்பாலும் போவார்கள். 2017 நவம்பர் 29 அன்று கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. 30ஆம் தேதி புயலே உருவாகிவிட்டது. குமரிக்கடலில், கரைக்கு அவ்வளவு பக்கத்தில், அத்தனை வேகத்தில். 'போகாதே' என்ற சொல் கரையில் நிற்பவனுக்கு உதவும். போய்ப் பத்து நாள் ஆனவனுக்கு? அவனுக்கு வேண்டியது 'திரும்பு', அல்லது 'இன்ன திசையில் விலகு'. படகிலிருந்த கம்பியில்லாக் கருவி சில பத்துக் கிலோமீட்டர்தான் எட்டும். ஒரு படகு அடுத்த படகுக்குச் சொல்லி, அது அடுத்ததற்குச் சொல்லி, எட்டிய மட்டும் எட்டியது.

அதற்குப் பிறகு முன்னேற்றம் உண்டு. 2019இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. காகன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாகக் கடலுக்குள்ளேயே எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் அது ஒருவழி. கரை பேசும், படகு கேட்கும், படகு பதில் சொல்ல முடியாது. இப்போது இருவழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்திவருகிறார்கள். என் நண்பர் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்: "சேதி கிடைத்தது என்று படகு ஒரு சொல் திருப்பிச் சொன்னால் போதும், கரையில் இருக்கிறவள் தூங்குவாள்."

இந்த வாக்கியத்தை எழுதிய பிறகுதான் எங்கள் ஊரிலும் அதே குறை இருந்தது உறைத்தது. ஞாயிறு பகல் எனக்கு வந்த செய்தி என்னை எழுப்பியதா, நான் நகர்ந்தேனா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. அனுப்பியாயிற்று என்ற கணக்கோடு அது முடிந்துவிட்டது.

நவம்பர் 22, பகல் 1.15

கூண்டு. பத்திரிகையில் 'பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் எண் சின்னதாக இருந்தால் பயமில்லை என்று பேசிக்கொள்வோம். முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. கூண்டு என்பது கப்பல்களுக்காகத் துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் அடையாளம். 1, 2: தொலைவில் ஏதோ இருக்கிறது. 3, 4: துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு வலிமையில் இல்லை; புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில் இருக்கிறது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகளும்.

எனக்குப் பிடித்தது 11ஆம் எண். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பது அதன் பொருள். அதாவது, செய்தி வராமல் போனதையே ஒரு செய்தியாக்கிக் கம்பத்தில் ஏற்றுகிறார்கள். கைபேசி யுகத்துக்கு முந்தைய ஆட்கள் இதை யோசித்துவைத்திருக்கிறார்கள். போன டிசம்பர் 17ஆம் தேதி இரவு பத்து மணிக்கு எங்கள் ஊருக்குத் தேவைப்பட்டது அந்தப் பதினொன்றுதான்: கோபுரம் செத்துவிட்டது, ஆகவே யாரும் தூங்க வேண்டாம்.

நவம்பர் 24, காலை 6.40

'கைபேசியே ஊளையிடும் முறை வந்துவிட்டதே' என்று கேட்டவருக்கு: ஆம், 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் சோதித்தார்கள். தோட்டத்தில் நின்றிருந்தேன், நான்கு பேர் பையிலும் ஒரே நேரத்தில் ஒலித்தது. நல்ல ஏற்பாடு. குறுஞ்செய்தி எண்ணுக்கு எண் வரிசையில் போகும். இது கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிற எல்லாக் கைபேசிக்கும் ஒரே வீச்சில் போகும். நெரிசலும் இல்லை, எண்ணும் தேவையில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து அந்த இரவில் என் கைபேசி ஊளையிடவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் அது என்ன செய்யும்? எச்சரிக்கை முறைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு கோபுரத்தடி டீசலுக்குப் போக வேண்டும்.

நவம்பர் 25, இரவு 9.10

எங்காவது இது ஒழுங்காக நடக்கிறதா என்று கேள்வி. ஒடிசாவைப் பாருங்கள். 1999 புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது இலட்சக்கணக்கானோரை நகர்த்தி, இழப்பைச் சில பத்துகளுக்குள் நிறுத்தினார்கள். வங்கதேசத்தில் 1970 போலா புயல் இலட்சக்கணக்கில் உயிர் குடித்த பிறகு 1972இல் தன்னார்வலர் படை தொடங்கினார்கள். இன்று எழுபதாயிரம் பேருக்கு மேல், பாதிப் பேர் பெண்கள். கொடிக்கம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடி ஏறும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மூன்று கொடி பறந்தால் புறப்பட வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். பெண்கள் சேர்ந்ததால் வீட்டுக்குள் இருக்கிற பெண்களிடம் செய்தி நேராகப் போகிறது. எங்கள் ஊரில் எச்சரிக்கை டீக்கடையோடு நின்றுவிடுகிறது.

நவம்பர் 29, மாலை 4.30

வங்கக்கடல் புயலுக்கு ஃபெஞ்சல் என்று பெயர் வைத்தாயிற்று. நேற்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். இன்று பிற்பகல் புயலாகிவிட்டது. இங்கே சிலர் கேலி செய்கிறீர்கள். வேண்டாம். கணிப்பை மாற்றுவது தவறு கிடையாது. மாற்றியதை ஏன் மாற்றினோம் என்று நாலு வரி சொல்லாததுதான் குறை. மருத்துவர் மருந்தை மாற்றினால் காரணம் கேட்போம், சொல்வார்; அடுத்த முறையும் அவரிடமே போவோம்.

கடலூர், விழுப்புரம், புதுச்சேரியில் இருக்கிறவர்கள் இன்றிரவு உங்கள் ஏரியின் கரையை யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டு வையுங்கள்.

டிசம்பர் 1, காலை 11.00

நேற்றிரவு புதுச்சேரி அருகே கரை கடந்து அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 48 செ.மீ. இந்த இழையில் எழுதிவந்த விழுப்புரத்துக்காரர் காலையிலிருந்து எழுதவில்லை. எழுதுங்கள்.

டிசம்பர் 4, இரவு 10.00

விழுப்புரத்துக்காரர் பத்திரம். தென்பெண்ணைக் கரையிலுள்ள தம் அக்கா வீட்டில் கழுத்தளவு வந்ததாகச் சொல்கிறார். 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 இலட்சம் கன அடி வெளியேறியது. சொல்லாமல் திறந்தார்கள் என்று ஒரு தரப்பு, பலமுறை எச்சரித்தோம் என்று அரசுத் தரப்பு. இந்த இழையின் முதல் கேள்வியே அங்கேயும் ஓடுகிறது. இரண்டு தரப்பும் பொய் சொல்லத் தேவையில்லை என்பதை என் பழைய கைபேசி எனக்குக் காட்டிவிட்டது. செய்தி வந்திருக்கலாம், அக்காவிடம் சேராமலும் இருந்திருக்கலாம்.

கன அடி. ஐம்பதாயிரம் என்றால் எவ்வளவு, ஒன்றரை இலட்சம் என்றால் எவ்வளவு? திருக்கோவிலூர்ப் பாலத்தில் எந்த மட்டம், அடுத்த ஊருக்கு எத்தனை மணிக்கு, எந்தத் தெருவரைக்கும்? அணைப் பொறியாளருக்கு அது கணக்குத்தான். ஆண்டு முழுவதும் போட்டுவைக்கலாம். எங்கள் ஆற்றுக்கும் அப்படி ஓர் அட்டவணை கேட்டுப் போன பிப்ரவரியில் ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு இருக்கிறது.

டிசம்பர் 8, மாலை 5.30

மனுவுக்குக் காத்திருக்கவில்லை. நானும் இன்னும் ஐந்து பேரும் நேற்று எங்கள் ஊருக்குச் செய்தவை: குளத்து மதகுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் கீழத்தெரு கிளம்ப வேண்டும். மழை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் டார்ச்சோடு போய்ப் பார்ப்பது. பள்ளிவாசலிலும் அம்மன் கோயிலிலும் பேசி ஒலிபெருக்கிக்கு மின்கலம். கைபேசி இல்லாத வீடுகள் பதினேழு; ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு பெயர். அந்தப் பெயர்ப் பட்டியலை என் மகள் எழுதினாள், பதினொன்று பெண்கள். போய்ச் சொல்லிவிட்டு, வாசலில் விளக்கெரிந்தால்தான் திரும்பி வர வேண்டும். என் நண்பர் படகுக்குக் கேட்ட பதில்தான் இது.

டிசம்பர் 13, இரவு 11.50

மலையில் நேற்றிலிருந்து கொட்டுகிறது. மாஞ்சோலை, ஊத்துப் பக்கம் பெருமழை. தாமிரபரணி பெருகிவிட்டது. குறுக்குத்துறையில் மண்டபம் தெரியவில்லை என்று நண்பர் படம் அனுப்பினார். குளம் கோட்டுக்கு ஒரு சாண் கீழே. அடுத்த முறை பார்க்க வேண்டியது நான், இரண்டு மணிக்கு.

டிசம்பர் 14, காலை 6.15

மூன்றரைக்குத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. பள்ளிவாசலில் சொன்னார்கள், பிறகு கோயிலில். பதினேழில் பதினாறு வீட்டு வாசலில் விளக்கெரிந்தது. பதினேழாவது வீட்டுக் கிழவி வர மறுத்துவிட்டார். 'போன தடவையே பிழைத்தேன்' என்கிறார். பொறுப்பெடுத்திருந்த பெண் அவரோடு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மணிக்குக் கிழவி தானே எழுந்து, ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

டிசம்பர் 14, இரவு 8.20

கரை உடையவில்லை. கீழத்தெருவில் முழங்கால் அளவு வந்து மாலையில் வடிந்தது. வாழை நாலு வரிசை சாய்ந்துவிட்டது. மழைக்கு முன்னால் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

சிவப்புக் கோட்டை ஒரு கை கீழே இறக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்; மூன்றரைக்குத் தொட்டு, ஐந்துக்குத்தான் கடைசி ஆள் வெளியேறினார் என்றால் அவகாசம் போதவில்லை. சரிதான். தண்ணீர் குறைந்ததும் மாற்றி வரைகிறோம்.